மூடின கிடங்குக்கு ஆர் சாட்சி?

என் காசில், என் வளவுக்குள், என் வீட்டு அத்திவாரத்தைச் சுற்றி வெட்டிய கிடங்கை நான் தொட்டுப் பார்க்கக் கூடாதாம். ஆபத்தாம். மண் சரியுமாம். "அக்கா, நீங்கள் உள்ளுக்கு இருங்கோ, எல்லாம் வடிவாச் செய்து தருவம்" என்றார்கள். உள்ளுக்குத்தான் இருந்தேன். செய்தார்களோ இல்லையோ, மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த பங்குனியில் பனி உருகத் தொடங்க, அதே சுவரின் அதே மூலையால் தண்ணீர் வந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கப் போனேன். அடிப்பக்கம் கூழாகிக் கையோடு வந்தது. உடனே போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி இது: "தண்ணிதான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?"

அன்றைக்கு வாயடைத்துப் போனேன். இன்றைக்குச் சொல்கிறேன். தம்பி, தண்ணி நனைக்கும். காலுறை ஊறும். பூஞ்சணம் மணக்கும். சுவரில் உப்புப் பூத்து விரலில் மாவாக ஒட்டும். பேஸ்மென்றில் ஈரம் ஏறுவதை அறியக் கண் கடைசியாகத்தான் தேவைப்படும். அதற்கு எவ்வளவோ முந்தியே மூக்கும் உள்ளங்காலும் சொல்லிவிடும். இது தெரியாமலா இத்தனை வருசம் இந்தத் தொழில் செய்கிறீர்?

ஸ்காபரோவில் எங்கள் சனத்துக்குப் பேஸ்மென்ற் என்றால் என்ன என்பதை இங்கு வாழாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வந்த புதிதில் எங்களில் எத்தனையோ பேர் குடியிருந்தது யாரோ ஒருவரின் பேஸ்மென்றில். சொந்த வீடு வாங்கிய பிறகு மோட்கேஜில் ஒரு பங்கைக் கட்டித் தருவதும் பேஸ்மென்றின் வாடகைதான். இந்த நகரத்து மழையோ வரவரப் பொல்லாததாகிக்கொண்டு வருகிறது. 2005 ஓகஸ்ட் 19 இல் ஃபின்ச் வீதியின் ஒரு துண்டையே வெள்ளம் கொண்டுபோனது. 2013 ஜூலை 8 இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டியது. 2024 ஜூலை 16 இல் அதே இடத்தில் 98 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கதவுக் கைபிடியில் துண்டுப்பிரசுரம் தொங்கும்: தண்ணீர் புகாத அத்திவாரம், 25 வருட உத்தரவாதம், இலவச மதிப்பீடு. சாக்கடை திரும்பி வராமல் தடுக்கிற வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் மாநகரசபை உதவித்தொகை தருகிறது. வெளிச்சுவரைத் தோண்டிப் பூசுகிற வேலைக்குத் தருவதில்லை. அது முழுக்கக் கைக்காசு.

2024 வெள்ளத்துக்குப் பிறகு நானும் அந்தக் கைக்காசைக் கொடுத்தேன். அடிக்கு 200 டொலர், நாற்பது அடிச் சுவர். பார்வை எனக்கு முப்பது வயதுக்குள்ளேயே போய்விட்டது, விழித்திரை நோய். அதற்குப் பிறகுதான் வீடு வாங்கினேன், பிள்ளையை வளர்த்தேன், கூரை மாற்றுவித்தேன், ஃபேர்னஸ் மாற்றுவித்தேன். ஆட்களை வைத்து வேலை வாங்குவது எனக்குப் புதிதல்ல.

தொட்டுத் தெரியாத வேலையா இது? பெயின்ற் அடித்தால் நிறத்தை நான் யாரையாவது கேட்கத்தான் வேண்டும். அத்திவாரத்துக்கு அது தேவையில்லை. சுவரின் அடிப்பாதம்வரை தோண்டவேண்டும். ஆழத்தைப் பிரம்பு சொல்லும். சுவரைக் கழுவி, வெடிப்பை அடைத்து, சீமெந்து பூசவேண்டும். கல்லுக்குக் கல் இருந்த பொருத்து மறைந்துவிட்டதா என்று உள்ளங்கை சொல்லும். அதன்மேல் ரப்பர் கலந்த தார்ப்பூச்சு; அது மணத்திலேயே தெரியும். அதற்கு மேல் குமிழ் குமிழாக அச்சடித்த கெட்டிப் பிளாஸ்ரிக் தாள். நான் காசு கட்டிய வகைத் தாளில் குமிழ் சுவர்ப்பக்கம் இருக்கவேண்டும், சுவருக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி நின்று, புகுந்த தண்ணீர் கீழே வடிவதற்காக. ஆகவே வெளிப்பக்கத்தால் தடவினால் பணியாரச் சட்டியில் இருப்பதுபோல் வரிசை வரிசையாகக் குழி தட்டுப்படவேண்டும். குழிக்குப் பதில் குமிழ் தட்டுப்பட்டால் தாளை மறுபக்கமாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடியில், பாதத்தை ஒட்டி, வீப்பிங் டைல் என்று இங்கே சொல்கிற வடிகுழாய். இப்போது போடுவது ஓட்டை போட்ட நாலு அங்குலக் கறுப்புப் பிளாஸ்ரிக் குழாய், மண் புகாமல் துணியுறை மாட்டியது. அதன் தலை வீட்டுக் கொங்கிறீற் தரையின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கவேண்டும். குழாயின் மேலும் பக்கங்களிலும் குறைந்தது 150 மில்லிமீற்றர் சல்லிக்கல் போடச் சொல்கிறது ஒன்ராறியோ கட்டட விதி. துணியுறை, குழாயின் நெளிவு, சல்லியின் கூர். இதில் எதற்குக் கண் வேண்டும்?

இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தான் பேசினேன். கிடங்கை மூடமுதல் என்னைக் கூப்பிடவேண்டும். நான் உள்ளே இறங்கமாட்டேன். விளிம்பில் பலகை போட்டால் முழங்காலில் இருந்து பிரம்பாலும் கையாலும் பார்ப்பேன். எட்டாத ஆழத்துக்கு உங்கள் ஆள் என் அளவுநாடாவின் நுனியைப் பிடிக்கட்டும், அடிக்கு ஒரு வெட்டுப் போட்ட நாடா என்னிடம் இருக்கிறது. "ஓமக்கா, ஓமக்கா." ஒப்பந்தத்தை நான் வாசிக்கக்கூடிய மாதிரி அனுப்புங்கள் என்றேன். தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். என் திரைவாசிப்பான் அதைத் திறந்து "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. எழுத்தாக அனுப்புங்கள் என்று திரும்பக் கேட்டால், "மகன் வாசிச்சுச் சொல்லுவார்தானே?"

ஒன்ராறியோவில் 2005 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 க்குள் இந்த மாகாணம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லாத இடமாக வேண்டும் என்று தவணை குறித்த சட்டம். ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கிற நிறுவனம்கூட, கேட்டால், தகவலை அவர்கள் அணுகக்கூடிய வடிவில் கொடுக்கவேண்டும். இருபது வருடத் தவணை வந்தும் போய்விட்டது. விடாமல் நின்று கேட்டதில் வேலைக்குப் பொறுப்பானவர் ஒப்பந்தத்தை வாய்விட்டு வாசித்து வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார், அதுவும் ஏதோ எனக்குத் தானம் செய்வதுபோன்ற குரலில். "மூடமுதல் கூப்பிடுவம்" என்ற வசனத்தை மட்டும் எழுத்தில் வாங்கினேன். அது இன்னும் என் போனில் கிடக்கிறது.

பொடியள் வந்து தோண்டினார்கள். குரல்கள் முதலில் யன்னல் மட்டத்தில் கேட்டன, பிறகு தரைக்குக் கீழே போயின. 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான கிடங்குக்குள் வேலையாள் இறங்கினால் முட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது கரையைச் சரிவாக வெட்டவேண்டும் என்பது இங்கத்தைய விதி. முட்டுப்பலகை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய சைற்றுக்கு அக்கா." அதாவது, விளிம்பில் பலகையில் இருக்கப்போகிற எனக்கு ஆபத்து, ஊரிலிருந்து நேற்று வந்த பொடியன் ஆறடி ஆழத்தில் நிற்பது ஆபத்தில்லை. என் உயிரில் அவருக்கு இவ்வளவு அக்கறை வந்தது, நான் சோதிக்கப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான்.

மத்தியானம் கூப்பிடுவதாகச் சொன்ன நாளில் குசினி யன்னலடியில் காத்திருந்தேன். பதினொரு மணிக்கே மண் விழத் தொடங்கியது. கண் போனவர்களுக்குக் காது கூர்மை, கடவுள் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுப்பார் என்று எங்கள் ஆட்கள் சொல்கிற கதை எனக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் உங்களுக்கும் ஒரே காதுதான். ஆனால் முக்கால் அங்குலச் சல்லியை லொறியால் கொட்டினால் தெருவுக்கே கேட்கும். கலகலவென்று சரிந்து விழும். மண் தொப்பென்று விழும். அன்றைக்குத் தொப், தொப், தொப். பிரம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"தம்பி, கல்லுக் கொட்டின சத்தமே கேக்கேல்லையே?"

சிரித்தார். "அக்கா காதாலை கல்லுப் பாக்கிறா" என்று கிடங்குப்பக்கம் திரும்பிச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். மூடமுதல் கூப்பிடுகிறோம் என்றீர்களே என்று கேட்டேன். "மழை வரப்போகுதக்கா. இண்டைக்கு மூடாட்டிச் சுவருக்குக் கூடாது. யோசிக்காதேங்கோ, மகன் வந்தால் அவருக்குக் காட்டுறம்."

மகனுக்குக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தால் வந்தவனை வழியில் மறித்து, "தம்பி, இதிலை ஒருக்கால் கையெழுத்து வையும், அம்மாவுக்குக் கஷ்டம்" என்று ஒரு ரப்லெற்றை நீட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கஷ்டம் என்றதும் அவன் விரலால் கீறிவிட்டான். வேலையை நேரில் பார்வையிட்டேன், திருப்தியாக முடிந்தது என்ற படிவம் அது. அவன் பார்வையிட்டது முக்கால்வாசி நிரம்பிய மண்ணை. அவனுக்கு அப்போது பதினேழு வயது. ஒப்பந்தத்தில் அவன் பெயரே இல்லை.

என் பிள்ளையில் ஒரு பிழையும் சொல்லமாட்டேன். வடிகுழாய்க்கும் தோட்டத்துக் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத வயது. ஆனால் அவனுக்கு இரண்டு கண் இருந்தது, அது போதும், சாட்சியாகிவிட்டான். வீடு என் பெயரில். கடன் என் பெயரில். காசோலை எழுதியது என் கை. பூச்சு, தாள், குழாய், கல் என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டது நான். அந்த வளவுக்குள் என் சொல்லுக்கு மட்டும் இடமில்லை. பேஸ்மென்றுக்குள் வந்த தண்ணீரைக்கூட வாளியால் அள்ளி ஊற்றிவிடலாம். இதை என்னால் விழுங்க முடியவில்லை.

தண்ணீர் வந்த பிறகு ஆதாரம் கேட்டேன். படங்கள் அனுப்பினார்கள். தொடக்கூடாது என்று என்னை உள்ளே இருத்தியவர்கள், கண் தெரியாதவளுக்கு ஆதாரமாக அனுப்பியது படங்கள்! பீ மை ஐஸ் செயலியிடம் கொடுத்தேன். டென்மார்க்கில் தொடங்கி 2015 இல் வெளிவந்தது அது. கண்ணுள்ள தொண்டர்கள் காணொளி அழைப்பில் பார்த்துச் சொல்வார்கள், இப்போது படத்தை இயந்திரமும் விவரித்துச் சொல்லும். கறுப்புத் தாள், துப்புரவான சல்லி, அழுத்தமான சாம்பல்நிறக் கொங்கிறீற் சுவர், வலப்பக்கம் காஸ் மீற்றர் என்றது. எனக்குத் திக்கென்றது. என் வீட்டு அத்திவாரம் கல்லுக்கட்டு. பேஸ்மென்றின் உள்பக்கத்தில் அந்தப் பொருத்துகளை நான் நாளாந்தம் தடவிக்கொண்டு நடக்கிறேன். காஸ் மீற்றரும் அந்தச் சுவரில் இல்லை. இயந்திரம் சிலவேளை இல்லாததையும் உண்டென்று சொல்லும் என்பதால், லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினேன். வந்து நின்று போனவள், வீடு தெரியும். "அக்கா, இது உங்கட வீடில்லை" என்றாள் ஒரே பேச்சில்.

கேட்டதற்கு, ஒப்பிஸ் பிள்ளை மாறி அனுப்பிப்போட்டுதாம். சரி, என் வீட்டுப் படம் எங்கே? அது எடுத்த போன் தண்ணிக்குள் விழுந்து பழுதாகிவிட்டதாம். தண்ணீர் புகாமல் தடுக்கிறவருடைய போன்!

பிறகு வீடுகளைச் சோதிக்கிற ஒருவரைக் காசு கொடுத்துப் பிடித்தேன். வயதான இத்தாலியர், இளவயதில் மேசன் வேலை செய்தவராம். ஒரு சின்னக் கிடங்குக்குக்கூட ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து, நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே போகிறதென்று குறித்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டார். மூலையடியில் கரையைச் சரித்து வெட்டினார். நான் கேட்காமலே பலகையைப் போட்டு, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி இடம் காட்டினார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு பலகையும் இரண்டு தட்டும்.

முழங்காலில் இருந்து கையை இறக்கினேன். தாளின் மேல்விளிம்பு அகப்பட்டது. அதைச் சுவரோடு இறுக்கி மூடவேண்டிய பட்டி இல்லை. விரலை உள்ளே விட்டால் வடிகால் இருக்கவேண்டிய இடைவெளி முழுக்க ஈரமண். குழி வரிசையைத் தடவிக்கொண்டே போனேன், கை எட்டாத இடத்திலிருந்து பிரம்பை இறக்கினேன். நுனி தாளில் பட்டு டொக், டொக் என்றது. இன்னும் கொஞ்சம் இறக்க, சரக்கென்று கல்லில் உரசியது. திரும்ப மேலே இழுத்தேன்: டொக். கீழே விட்டேன்: சரக். அவர் நாடாவைப் பிடித்து அளந்தார். தாள் மூன்றடியோடு முடிந்துவிட்டது. ஆறடிக்குக் காசு கொடுத்தவள் நான். அதற்குக் கீழே சீமெந்தும் இல்லை, புதுத் தாரும் இல்லை. பழைய தார் பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. அடியில் தோண்டி ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். களிமண். பிசைந்து பார்த்தேன், ஒரு சல்லிகூட இல்லை. கடைசியாக ஒரு வளைந்த ஓட்டுத்துண்டை வைத்தார். வீடு கட்டின காலத்தில் புதைத்த சுட்டமண் வடிகுழாயின் உடைந்த துண்டு. புதுக்குழாய் அந்த மூலையில் போடப்படவேயில்லை.

இதைச் சொன்னால் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், "கண் தெரிஞ்ச ஆளெண்டால் இப்பிடிச் செய்திருப்பாங்களோ?" என்கிறார்கள். ஏன் செய்யமாட்டார்கள்? பக்கத்துத் தெருவில் அதே ஆட்கள் செய்த வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் நல்ல தெளிவு. பின்னேரம் வேலையால் வந்து அவர் பார்த்தது சமப்படுத்திய மண்ணையும் அதன்மேல் விரித்த புல்லையும்தான். அவர் வீட்டுத் தாள் எத்தனை அடியோடு முடிகிறது என்று அவரைக் கேளுங்கள் பார்ப்போம். மூடிய பிறகு, திரும்பத் தோண்டாமல் எவராலும் சோதிக்க முடியாத வேலை இது. மூடமுதல் கிடைக்கிற ஒரு மணித்தியாலம்தான் வழி. அந்த மணித்தியாலத்தை நான் எழுத்தில் கேட்டு வாங்கினேன். அதற்குப் பெயர் சலுகையாம், கரைச்சலாம். "அந்த அக்கா சரியான கரைச்சல்" என்று மற்ற வீடுகளில் சொல்லித் திரிகிறாராம். வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் கொடுக்கவேண்டிய கரைச்சலைத்தானே நான் கொடுத்தேன்?

உத்தரவாதத்தைக் காட்டினேன். 25 வருடம் என்று கதவில் தொங்கவிட்ட அதே உத்தரவாதம். மூன்றாம் ஆள் சுவரடியைத் தோண்டியதால் அது செல்லுபடியாகாதாம். தோண்டாமல் சொன்னால், தண்ணி என்று எப்படித் தெரியும். தோண்டிச் சொன்னால், உத்தரவாதம் போய்விட்டது. மகனின் கையெழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள், அதுவும் படமாக. மாகாண நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு எழுதினேன். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டுவிட்டேன். வட்ஸ்அப் வசனம், இத்தாலியரின் அறிக்கை, ஒரு பொலித்தீன் பையில் அந்தக் களிமண், ஓட்டுத்துண்டு எல்லாம் என்னிடம் உண்டு.

வழக்கு என்றதும் சொந்தக்காரர், கோயிலில் காண்கிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் போன் எடுக்கத் தொடங்கினார்கள். எங்கடை ஆளைக் கோட்டுக்கு இழுக்கலாமோ? பிள்ளைகுட்டிக்காரன். இப்பதான் தலையெடுக்கிறான். வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்கடை மானம் என்னாகிறது? பூச்சுக்குக் காசு வாங்கிவிட்டுப் பூசாமல் விட்டபோது போகாத மானம், நான் போய்ச் சொன்னால் போய்விடுமாம். நானும் பிள்ளைகுட்டிக்காரிதான். பேஸ்மென்றில் இருந்த பிள்ளைகள் பூஞ்சண மணத்துக்கு இருமி இருமி எழும்பிப் போய்விட்டார்கள். வாடகை இல்லை, மோட்கேஜ் நிற்கவில்லை. அதற்கு ஒருவரும் போன் எடுக்கவில்லை.

எங்கடை ஆள் என்றுதான் நானும் அவரைக் கூப்பிட்டேன். விலை குறைவாகச் சொன்னவர்கள் வேறு இருந்தார்கள். ஆங்கிலத்தில் மல்லுக்கட்டாமல் என் நிபந்தனையை யாழ்ப்பாணத் தமிழில் ஆறுதலாகச் சொன்னால் ஒரு சொல்லும் பிசகாமல் விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியது. விளங்கினபடியால்தான் பதினொரு மணிக்கே மூடத் தொடங்கினார்.